தலைவர் வீட்டு டிஷ்வாஷருக்கு ஒரு வாழ்த்துரை

பெண்களுக்கு விடுதலை வாங்கித் தந்த மகான்கள் உலகில் பலர் உண்டு. ஆனால் அந்த விடுதலையை அட்டைப்பெட்டியில் அடைத்து, உத்தரவாத அட்டையோடு லிஃப்டில் ஏற்றி, வீட்டு வாசலிலேயே கொண்டுவந்து இறக்கியவர் நம் தலைவர் ஒருவர்தான்.

தலைவர் என்றதும் நாட்டுக்குத் தலைவர் என்று நினைத்துவிடாதீர்கள். அடுக்குமாடிக் குடியிருப்போர் சங்கத்துக்குத் தலைவர். போட்டியின்றித் தேர்ந்தெடுக்கப்பட்டவர், போட்டி போட ஆளே வரவில்லை என்பது வேறு விஷயம். மொட்டைமாடித் தண்ணீர்த் தொட்டியைக் கழுவலாமா வேண்டாமா என்று கூட்டத்துக்கு மேல் கூட்டமாகப் போட்டு, கடைசியில் கழுவாமலே விட்ட பெருமை அவருக்கு உண்டு.

அவர் மனைவி பள்ளி ஆசிரியை. அப்போது வரவிருந்த ஞாயிற்றுக்கிழமை அவருக்குத் தலைமை ஆசிரியை பதவிக்கான தேர்வு. இதை விட்டால் வயது வரம்பு தாண்டிவிடும். பிறகு ஜென்மத்துக்கும் கிடையாது. படிக்கக் கிடைப்பதோ சாயங்காலம் மட்டும். அந்தச் சாயங்காலத்தையும் பாத்திரங்கள் தின்றுகொண்டிருந்தன.

"பரீட்சை முடியற வரைக்கும் பாத்திரம் என் பொறுப்பு" என்று தலைவர் வாக்குக் கொடுத்தார். கொடுத்த சூட்டோடு ஒரு தட்டைக் கழுவினார். உடனே இடுப்பைப் பிடித்துக்கொண்டார். மறுநாளே கடைக்குப் போய் டிஷ்வாஷரோடு வந்து நின்றார்.

"என் பொறுப்பை மெஷின்கிட்ட ஒப்படைச்சாச்சு. இனிமே நீ ராணி!"

ராணி அப்போது எண்ணெய்ச் சட்டியைச் சுரண்டிக்கொண்டிருந்தார். திரும்பிக்கூடப் பார்க்கவில்லை.

மெஷினைப் பொருத்த மெக்கானிக் வந்தார். தலைவர் அவரைக் கூடத்துக்கு அழைத்துப்போய், டிவிக்குப் பக்கத்தில் இடம் காட்டினார்.

"சார், தண்ணிக் குழாய் சமையல்கட்டுலதானே இருக்கு?"

"அங்க வெச்சா யாரு பார்ப்பாங்க?"

"பாத்திரம் பார்க்கும் சார்."

நகைச்சுவையைத் தலைவர் அவைக்குறிப்பிலிருந்து நீக்கினார். சுவரில் ஓட்டை போட்டு, சோபாவுக்கு அடியில் ஒரு குழாய், டிவிக்குப் பின்னால் ஒரு குழாய் என்று இழுத்து, 'மகளிர் விடுதலை' கூடத்தில் நிலைநிறுத்தப்பட்டது. மேலே ஒட்டியிருந்த பிளாஸ்டிக் உறையை உரிக்க மெக்கானிக் கை வைத்தாரோ இல்லையோ, தலைவர் பதறிப்போனார்.

"ஐயோ, உரிக்காதீங்க! கீறல் விழுந்துடும்!"

"உரிக்கலைன்னா கதவு பாதிதான் சார் திறக்கும்."

"பாதி போதும். நாம என்ன உள்ளயா படுக்கப்போறோம்?"

மெக்கானிக் பெருமூச்சு விட்டார். "சரி, ஒரு அழுக்குத் தட்டு குடுங்க. ஓட்டிக் காட்டறேன்."

தலைவர் முகம் சுருங்கியது. "புது மெஷின்ல அழுக்குத் தட்டா? மனசு எப்படிய்யா வருது?"

பிறகு அவரே அலமாரியிலிருந்து கழுவித் துடைத்த தட்டு ஒன்றை எடுத்துக் கொடுத்தார். மெஷின் உறுமியது, குலுங்கியது, ஓய்ந்தது. தட்டு வெளியே வந்தது. "பார்த்தீங்களா, பளபளன்னு!" என்று தலைவர் கைதட்டினார். மகள் வாயைப் பொத்திக்கொண்டு உள்ளே ஓடினாள்; சிரிக்கத்தான்.

சங்கச் செயலாளர் ரிப்பன் வெட்ட, திறப்பு விழா இனிதே நடந்தேறியது. அன்றிலிருந்து மாடிவாரியாக ஜனங்கள் பார்வையிட வந்தார்கள். வந்தவர்களுக்கெல்லாம் டீ. குடித்த கோப்பைகளை மெஷினில் போடலாம்தான். ஆனால் அடுத்த மாடிக்காரர்கள் வந்து திறந்து பார்க்கும்போது உள்ளே அழுக்குக் கோப்பை இருந்தால் விடுதலையின் கதி என்னாவது? ஆகவே மனைவி கோப்பைகளைக் கையால் கழுவித் துடைத்து, மெஷினுக்குள் காட்சிக்கு அடுக்கினார். முன்பு மூன்று பேர் பாத்திரம். இப்போது மாடிக்கணக்கில் பாத்திரம். தேர்வுப் புத்தகம் திறந்த பக்கத்திலேயே கிடந்தது.

"ஏங்க, ஒரு தடவையாவது அழுக்குக் கப்பை உள்ள போட்டா என்ன?"

"தாராளமா போடு. கழுவிட்டுப் போடு."

சனிக்கிழமை சாயங்காலம் செயலாளர் பக்கத்துக் குடியிருப்பின் செயற்குழுவையே அழைத்து வருவதாகச் சொல்லி அனுப்பினார். மனைவி எழுந்தார். புத்தகத்தை எடுத்தார், செருப்பை மாட்டினார்.

"நான் கீழ் வீட்ல உக்காந்து படிக்கப்போறேன். முடிச்சுட்டுத்தான் வருவேன்."

"அப்போ கப்பெல்லாம்?"

"அதான் மெஷின்கிட்ட ஒப்படைச்சாச்சுன்னு சொன்னீங்களே!"

கதவு சாத்தப்பட்டது. செயற்குழு வந்தது, வியந்தது, டீ குடித்தது. மகளிர் அணியையும் உடனே அனுப்பிவைப்பதாகச் சொல்லிவிட்டுப் போனது. கூடம் முழுக்க எச்சில் கோப்பைகள். மகள் ஒன்றை எடுத்துக்கொண்டு மெஷின் கதவைத் திறந்தாள்.

"அப்பா, போட்டுடவா?"

"நில்லு! டீக்கறை பட்டா என்னாகும் தெரியுமா?"

தலைவர் சட்டைக் கையை மடித்துவிட்டார். சமையல்கட்டுக்குள் நுழைந்தார். ஒவ்வொரு கோப்பையாகத் தேய்த்தார், அலசினார், துடைத்தார். இடுப்பு விண்விண் என்று தெறித்தது, பொறுத்துக்கொண்டார். பாதியில் மகளிர் அணி வந்துவிட்டது.

"மெஷின் நல்லாக் கழுவுதா தலைவரே?"

முழங்கை வரை நுரையோடு நின்ற தலைவர் சொன்னார்: "பிரமாதம்மா! சத்தமே இல்ல. கரண்டும் இழுக்கறதில்ல."

படித்து முடித்துத் திரும்பி வந்த மனைவி, பாத்திரம் கழுவும் தொட்டி காலியாக இருந்ததைப் பார்த்தார். ஊறிப்போயிருந்த கணவரின் விரல்களைப் பார்த்தார். கண் கலங்கிவிட்டது.

"நீங்களா கழுவினீங்க? எனக்காகவா?"

தலைவர் மெஷினின் பிளாஸ்டிக் உறையை மெல்ல நீவிவிட்டார்.

"இவ்வளவு கப்பு! பாவம், அது எப்படித் தாங்கும்?"

மனைவி ஒரு கணம் விழித்தார். பிறகு வயிறு வலிக்கச் சிரித்தார். சிரித்த கையோடு போய்த் தேர்வை எழுதினார், தேறியும்விட்டார். சங்கம் அவசரக் கூட்டம் கூட்டி, ஒருமனதாக வாழ்த்துத் தீர்மானம் நிறைவேற்றியது, டிஷ்வாஷருக்கு.

அதில் குறை சொல்ல என்ன இருக்கிறது? கூடவே நின்று காலமெல்லாம் கை தேய்ந்த மனைவியைப் பார்த்து அந்த வாயில் ஒருநாளும் வராத 'பாவம்' என்ற சொல்லை, ஒரே ஒரு அழுக்குத் தட்டைக்கூடத் தொடாமல் வரவழைத்தது அதுதானே!