முதியோர் இல்லத்தில் ஓடிய டவுன் பஸ்

ஓய்வுபெற்ற பிறகும் ஒரு நாள்கூட விடுப்பு எடுக்காத கண்டக்டர் பாளையங்கோட்டையிலேயே ஒருவர்தான். அவருடைய சொந்தப் பெயர், அவர் தங்கியிருந்த முதியோர் இல்லத்துக்கே மறந்துவிட்டது. 'கண்டக்டர் அண்ணாச்சி' விசில் ஊதாமல் அங்கே சாப்பாட்டு வரிசை நகராது. இரண்டு விசில் கொடுத்தால்தான் பஜனை தொடங்கும். ஒற்றை விசிலுக்குப் பாதிப் பாட்டில் நின்றுவிடும்.

தொண்ணூறுகளில், வேலைக்குப் போகும் தாய்மாரின் பிள்ளைகளைப் பகலில் அந்த இல்லத்துப் பெரியவர்கள் பார்த்துக்கொண்டார்கள். ஆசிரியையான நானும் என் ஒன்றரை வயது மகளை அங்கே விட்டேன். விட்டது சரிதானா என்று பள்ளிக்கூடம் போய்ச் சேரும்வரை யோசித்தேன். அவள் சாப்பிடவே மாட்டாள். எடை ஏறவில்லை என்று டாக்டர் உதட்டைப் பிதுக்கியதிலிருந்து எனக்குத் தூக்கமில்லை.

அண்ணாச்சி இதற்காக ஒரு பஸ் விட்டார். நாற்காலிகளை வரிசையாகப் போட்டு, பெரியவர்களைப் பயணிகளாக உட்காரவைத்து, "ஜங்ஷன், வண்ணார்பேட்டை, முருகன்குறிச்சி" என்று கூவுவார். நிறுத்தத்துக்கு ஒரு வாய் சோறு. விழுங்கினால்தான் வண்டி புறப்படும். பயணிகள் பொறுமை இழப்பார்கள்.

"ஏட்டி, சீக்கிரம் முழுங்கு. எனக்குக் கோர்ட்டுக்கு நேரமாவுது" என்பார், வழக்கு தோற்றே பல வருடமான தாத்தா ஒருவர். மகள் விழுங்கிவிடுவாள்.

விசில் சத்தத்தில் காது கெட்டுவிடுமோ என்று பயந்து, வீட்டில் நான் விசில் இல்லாத பஸ் விட்டுப் பார்த்தேன். பிள்ளை ஏறவே இல்லை.

இல்லத்தின் வெள்ளி விழா வந்தது. செயலாளர் முதல் வேலையாக விசிலை வாங்கிப் பூட்டிவைத்தார்.

"அண்ணாச்சி, இன்னைக்கு ஒருநாள் வாயத் தொறக்காதீங்க. பெரிய மனுசங்க வாராங்க."

"நான் எதுக்குவே தொறக்கப்போறேன்?"

அன்று என் மகள் காய்ச்சல் விட்டு எழுந்திருந்தாள். முந்தின நாளிலிருந்து ஒரு பருக்கை உள்ளே போகவில்லை. மேடை ஓரத்தில் நின்று, ஓய்வுபெற்ற கல்லூரி முதல்வர் முதியோரின் சமூக சேவையைப் பற்றி முடிவில்லாமல் பேசிக்கொண்டிருந்தார். பருப்புச் சோற்றுக் கிண்ணத்தோடு நான் பின்வரிசையில் கெஞ்சினேன். வெளியே தூக்கிப் போவதா, முடியும்வரை இருப்பதா என்று நான் தீர்மானிப்பதற்குள் அவள் வீறிட்டாள்.

அண்ணாச்சி அவளைப் பார்த்தார். கிண்ணத்தைப் பார்த்தார். இரண்டு விரலை வாயில் வைத்துச் சீட்டியடித்தார், இரண்டு முறை.

பந்தலில் இருந்த முதியவர்கள் அத்தனை பேரும், வண்டி கிளம்பிய பழக்கத்தில், ஒன்றாகப் பின்னால் சாய்ந்தார்கள்.

"ஜங்ஷன், ஜங்ஷன். சார், படியில நிக்காதீங்க. உள்ள போயி உட்காருங்க."

முதல்வர் இறங்கிவந்து, காலியாக இருந்த நாற்காலியில் உட்கார்ந்தார். செயலாளர் கண்ணை மூடிக்கொண்டார். சற்றுப் பொறுத்து முதல்வர் பையக் கேட்டார்:

"ஹைகிரவுண்டு போகுமா?"

"போவாது. பாளை பஸ் ஸ்டாண்டுல எறங்கி மாறிக்கிடுங்க."

முருகன்குறிச்சி தாண்டும்போது கிண்ணம் காலி.

மன்னிப்புக் கேட்க முதலில் முதல்வரிடம் போவதா, செயலாளரிடம் போவதா என்று நான் தவித்துக்கொண்டிருந்தேன். அண்ணாச்சி பந்தியிலிருந்து ஒரு இலைச் சாப்பாட்டைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

"எம்மா, இங்கன உட்காரு. காலையிலேருந்து நீ ஒண்ணும் திங்கல. நானும் பாத்துக்கிட்டுத்தான் இருக்கேன்."

மகள் பிறந்ததிலிருந்து எல்லோரும் என்னிடம் கேட்டது, பிள்ளை சாப்பிட்டாளா என்றுதான். நான் தலையைக் குனிந்துகொண்டு, அவர் பார்க்கப் பார்க்க முழுச் சோற்றையும் சாப்பிட்டேன்.