மோந்து பாக்காத பொங்கல்

அன்புள்ள அம்சவல்லி அண்ணிக்கு,

ஒரகடத்துலருந்து உங்க நாத்தனா பாஞ்சாலி எழுதிக்கொள்வது. இங்க எல்லாரும் சௌக்கியம், என் மூக்கைத் தவிர. அங்க நீங்களும் அண்ணனும் உங்க வாயும் சௌக்கியமா இருக்கணும்.

போன மாசம் எனக்கு சளி ஜுரம் வந்துச்சில்ல, ஜுரம் போச்சு, போவும்போது வாசனை, ருசி ரெண்டையும் கூட்டிகினு போயிடுச்சு. கருவாட்டுக் கொழம்பும் சுடுதண்ணியும் ஒண்ணாதான் கீது. டாக்டரம்மா, "வைரஸ் பண்ற வேலை, மெதுவாதான் திரும்பும், தெனம் கிராம்பு, எலுமிச்சம்பழம் மோந்து பாரு"ன்னாங்க. மோந்துகினேதான் கீறேன். கம்பெனி கேன்டீன்ல மட்டும் சொல்லல. சொன்னா சமையக்கட்டுலருந்து தூக்கி தட்டு கழுவப் போட்டுடுவாங்க, என் இடுப்பு தாங்காது. போன்ல பேசினா பக்கத்து வூட்டு செல்லக்கனி கேட்டுடுவா, அவளும் அதே கேன்டீனு. அதான் எழுதறேன்.

இன்னிக்கு ஆயுத பூஜை. மெஷினுக்குப் படைக்க சக்கரைப் பொங்கல் வெக்கணும். சூப்பர்வைசர் வசந்தகுமாரு பெரிய பக்திமான். "படைக்கறதுக்கு முந்தி யாரும் ருசி பாக்கக் கூடாது, மோந்தும் பாக்கக் கூடாது, யாரால முடியும்?"னாரு. எல்லாம் முழிக்கறாளுங்க. நான், "என்னால முடியும் சார், மூக்குல ஏறவே வுடமாட்டேன்"னேன். பொய் இல்லியே அண்ணி.

நெய் வுட்டேன், ஏலக்கா போட்டேன், பக்கத்துலயே நின்னேன், அடிபுடிச்சது தெரியல. பூஜை சாயங்காலம்தான்னு மெஷின் லைன் ஓடிகினு இருந்துச்சு. கருகல் வாடை அது வரைக்கும் போயி, மோட்டார் எரியுதுன்னு லைனை நிறுத்தி, ஆளுங்கள வெளிய வெயில்ல நிக்க வெச்சி, மெயின்டனன்ஸ்காரங்க ஒவ்வொரு மெஷினா மோந்துகினே வந்து கடைசியா என் அண்டா முன்னால நின்னாங்க. போச்சு, இனிமே தட்டுதான்னு நெனச்சேன். வசந்தகுமாரு அண்டாவப் பாத்தாரு, என்னையப் பாத்தாரு. "கம்பெனியே மோந்துச்சு, இந்தம்மா மோக்கல. சொன்ன சொல்ல காப்பாத்திச்சு பாரு"ன்னு கண்ணு கலங்கிட்டாரு. இனிமே படையல் எல்லாம் நாந்தானாம். கிருத்திகைக்கு வல்லக்கோட்டை முருகனுக்குக் கம்பெனி வெக்கற பொங்கலும் நாந்தான்.

நாளைக்கு எம் புள்ள மோகன் கையில இந்தக் கடுதாசியும் பொங்கலும் அனுப்பறேன். மேலாப்புல எடுத்ததுதான். அண்ணனுக்கு வணக்கம். முருகன் உங்களுக்கு நீண்ட ஆயுசும், உங்க நாக்குக்குக் கொஞ்சம் லீவும் குடுக்கட்டும்.

இப்படிக்கு,
மூக்கு போன நாத்தனா
பாஞ்சாலி

பின்குறிப்பு: விடிஞ்சி காலையில டப்பாவ மூடறப்ப குப்புனு ஒரு வாடை, டயர் கொளுத்தற மாதிரி. மோகன் ஷூவான்னு பாத்தேன். இல்ல, பொங்கல்தான். மூக்கு வந்துடுச்சு அண்ணி. கிருத்திகைக்கு அண்டா முன்னால மோக்காம எப்படி நிக்கறதுன்னு இப்பவே பயமா கீது, வெளிய சொல்லிடாதீங்க. பொங்கல் சாமிக்குப் படைச்சது, கொட்டக் கூடாது. அண்ணனுக்கு வெச்சிடுங்க. நீங்க இன்னா போட்டாலும் மூச்சு வுடாம துன்றவருதானே.