தடிப்பு இல்லை எனச் சான்றளிக்கப்படுகிறது

பித்தப்பையில் கல் இருக்கிறவனுக்கு ஆஸ்பத்திரியில் ஒரு மரியாதை உண்டு. அதை நான் ஒரே ஊசியில் கெடுத்துக்கொண்டேன். அறுவைக்கு முன் சீழ் பிடிக்காமலிருக்கப் போட்ட ஊசி அது. போட்ட கொஞ்ச நேரத்தில் உடம்பெல்லாம் தடித்துவிட்டது.

அறுவை டாக்டர் கையுறையைக் கழற்றினார். "இந்த ஊசி ஒத்துக்குமா ஒத்துக்காதான்னு தோல் சோதனை அறையில எழுதி வாங்கிட்டு வாங்க. அதுவரைக்கும் கல்லைத் தொட மாட்டேன்."

நியாயமான பேச்சு. ஆனால் சோதனை அறைக்குள் நுழையப் பொது டாக்டரின் சீட்டு வேண்டும்.

"என்ன பண்ணுது?" என்றார் பொது டாக்டர்.

"போன மாசம் ஊசி போட்டு அரிச்சுதுங்க."

"அரிப்பா? நர்ஸம்மா, ஒரு அரிப்பு மாத்திரை!"

"இப்ப அரிக்கலீங்களே!"

"மருந்து கொடுக்காம யாரையும் அனுப்பக் கூடாதுன்னு உத்தரவு இருக்கு."

நர்ஸம்மா என் நாக்கைத் தூக்கிப் பார்த்து, விழுங்கிவிட்டதை உறுதிப்படுத்திக்கொண்டார்.

சோதனை அறைக்காரர் தலையில் கை வைத்தார். "அடக் கடவுளே! அரிப்பு மாத்திரை உள்ள போயிட்டா தடிப்பு எப்படி வரும்? ஒரு வாரம் கழிச்சு வாங்க."

"இதே சீட்டோட வரலாங்களா?"

"சீட்டு இன்னிக்கு மட்டுந்தான் செல்லும்."

வாராவாரம் சீட்டு, மாத்திரை, சீட்டு, மாத்திரை. ராத்திரியெல்லாம் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சுருண்டு கிடந்தேன்.

"கல்லு உங்க வயித்துல இருக்கா, அவங்க மண்டையில இருக்கா?" என்று பொரிந்தாள் என் மனைவி. மாத்திரையைக் கடைவாயில் ஒதுக்கும் யோசனையும் அவளுடையதுதான்.

ஒதுக்கினேன். சோதனை அறைக்காரர் என் கையில் ஒரு சொட்டு மருந்து விட்டு ஊசி முனையால் குத்தினார். குப்பென்று எழும்பியது தடிப்பு!

"வந்துடுச்சு சார், வந்துடுச்சு!" என்றார் அவர். எனக்குக் கண்ணே கலங்கிவிட்டது. "ஓடுங்க, பொது டாக்டர் கண்ணால பார்த்துக் கையெழுத்துப் போடணும்."

ஓடினேன். "ஐயையோ, இவ்வளவு தடிப்பா!" என்று பதறிய பொது டாக்டர், அரிப்புக்கு ஊசியே போட்டுவிட்டார். பிறகு பேனா தேடினார். பேனா அகப்பட்டபோது தடிப்பு போய்விட்டிருந்தது.

இல்லாததற்கு எப்படிக் கையெழுத்துப் போடுவது? "தடிப்பு இல்லை. மருந்து ஒத்துக்கொள்ளும்" என்று எழுதி முத்திரை குத்தினார். சோதனை அறைக்காரரும் கீழே கையெழுத்திட்டார்.

அறுவை டாக்டர் படித்து மகிழ்ந்து, தானும் ஒரு கையெழுத்துப் போட்டு, அதே ஊசியைப் போட்டார்.

உதடு வீங்கியது, கண் மூடிக்கொண்டது, மூச்சு முட்டியது. பொய் சொல்லக் கூடாது, ஓடியாடிக் காப்பாற்றினார்கள். விழித்தபோது மூன்று பேரும் கட்டிலைச் சுற்றி நின்றிருந்தார்கள்.

"தடிப்பு இல்லைன்னு எழுதியாச்சு. அப்புறம் ஏன் தடிக்குது?"

"பயத்துனால இருக்கும்."

"ஆமா, மனசுதான் காரணம்."

என் மனைவி இப்போது அவர்களைக் கிழிக்கப் போகிறாள் என்று காத்திருந்தேன். அவள் சான்றிதழை வாங்கி, மேலும் கீழும் படித்துவிட்டு, என் காதருகே குனிந்தாள்.

"ஏங்க, மூணு பேரு கையெழுத்துப் போட்டிருக்காங்க. நீங்க கொஞ்சம் சொறியாம இருக்கக் கூடாதா?"

முத்திரையைப் பார்த்தேன். தெளிவாகத்தான் விழுந்திருந்தது. சொறிந்துகொண்டிருந்த கையைப் போர்வைக்குள் இழுத்துக்கொண்டேன்.

"அப்ப நாளைக்கு இன்னொரு தடவை அதே ஊசியைப் போட்டுக் கல்லை எடுத்துடலாமா?" என்றார் அறுவை டாக்டர்.

"சரிங்க" என்றேன்.