ஆம்பூர் பேருந்தில் என் குரல்

என் சொந்தக் குரலுக்குப் பயந்து நான் ஒரு மணி பத்து நிமிடம் ஊமையாக இருந்திருக்கிறேன். டைரியில் எழுதியதோடு சரி, இத்தனை நாள் வெளியே சொன்னதில்லை. (டைரியிலும் பென்சிலால்தான்.)

அப்போது எனக்கு முப்பத்தொன்பது வயது. திமிரியில் பள்ளிக்கூடத்து நிரந்தர வேலையை விட்டுவிட்டு, வேலூர்ப் பக்கம் ஒரு பல்கலைக்கழகத்தில் உதவிப் பேராசிரியராகச் சேர்ந்திருந்தேன். என் பாடம் பொதுச் சுகாதாரத் தொடர்பியல். ஊரில் நோய் பரவினால் மக்களிடம் எதை, எப்படி, எத்தனை வார்த்தையில் சொல்ல வேண்டும் என்று கற்றுக்கொடுப்பது. இரண்டு ஆண்டுத் தகுதிகாண் பருவம் முடிய இன்னும் பதினொரு நாள்தான். என்னை வைத்துக்கொள்வதா, அனுப்பிவிடுவதா என்ற கோப்பு துணைவேந்தர் மேசையில் இருந்தது. பள்ளிக்கூடத்தில் என் இடத்துக்கு வேறு ஆள் வந்தாயிற்று. அனுப்பினால் போக ஓர் இடமும் இல்லை.

வகுப்பில் நான் ஓயாமல் சொன்ன விதி ஒன்று உண்டு. ஒரு செய்தியில் ஒரே விஷயம்தான் இருக்க வேண்டும். இரண்டைச் சேர்த்தால் கேட்பவர் இரண்டையும் விட்டுவிடுவார். அந்த விதிப்படி மாணவர்களுக்கு மாதிரி அவசர அறிவிப்பு ஒன்றை என் குரலிலேயே பதிவு செய்து வகுப்பு வாட்ஸ்அப் குழுவில் போட்டேன். முதல் பதிவு ஒன்பது நொடி: இது வகுப்புப் பயிற்சி, உண்மை அல்ல. இரண்டாவது நாற்பத்தொரு நொடி: ஆம்பூர் தொழிற்சாலைத் தொழிலாளர்கள் வளாகக் குழாய் நீரைக் குடிக்க வேண்டாம், வாந்தி, வயிற்றுப்போக்கு இருந்தால் உடனே மருத்துவமனைக்குச் செல்லவும், அடுத்த அறிவிப்பு வரும்வரை காத்திருக்கவும். இரண்டு விஷயம், இரண்டு பதிவு. விதியை ஒரு நூல்கூட மீறவில்லை என்று அன்றைய டைரியில் பெருமையாக எழுதியிருக்கிறேன்.

என் மாணவி ரேவதியின் அம்மா மல்லிகா, ஆம்பூரில் ஷூவின் மேல்பாகம் தைக்கும் கம்பெனியில் வேலை செய்தார். அம்மாவுக்கும் பெண்ணுக்கும் ஒரே போன். அதில் மல்லிகா என் இரண்டாவது பதிவைக் கேட்டார். கேட்டதும், தன்னோடு தைக்கும் பெண்களின் குழுவுக்கு அனுப்பினார். முதல் பதிவை யாரும் தொடவில்லை. ஒன்பது நொடியில் என்ன பெரிய விஷயம் இருந்துவிடப் போகிறது?

மறுநாள் காலை 8.40. ரேவதி போன் செய்தாள்.

"மேடம், அம்மா கம்பெனில யாருமே உள்ள போவலையாம். தண்ணி கெட்டுப்போச்சுனு கேட்டு வாசலாண்டயே உக்காந்துக்கினு இருக்காங்க. உங்க கொரல்தான் மேடம் எல்லார் போன்லயும்."

கோப்பு, பதினொரு நாள், போலீஸ், செய்தித்தாள் என்று வரிசையாகத் தோன்றியது. (பயத்திலும் எனக்கு வரிசைதான்.) உடனே மறுப்பு ஒன்றைப் பதிவு செய்து ரேவதியிடம் கொடுத்து எல்லாக் குழுவிலும் போடச் சொன்னேன். அதுவும் போதாது என்று நேரில் கிளம்பினேன்.

9.35க்கு வேலூர் பேருந்து நிலையத்தில் ஆம்பூர் வண்டி. ஏறிக் கம்பியைப் பிடித்து நின்றதும் முன் இருக்கையிலிருந்து கணீரென்று ஒரு குரல்: "குழாய் நீரைக் குடிக்க வேண்டாம்." நான்தான். பூ வைத்த ஓர் அம்மாள் போனைக் காதருகே பிடித்திருந்தார்.

"எவ்ளோ தெளிவா சொல்லுது பாரு, படிச்ச பொம்பள" என்றார் பக்கத்தில் இருந்தவர்.

பாராட்டை அனுபவிக்க முடியவில்லை. அடுத்து என் மறுப்பு ஒலித்தது. பூ வைத்த அம்மாள் உச்சுக் கொட்டினார்.

"பாவம், கம்பெனிக்காரங்க மெரட்டிப் பேச வெச்சிருக்காங்க. கொரல் எப்டி நடுங்குது பாரு."

அப்போதுதான் எனக்கு உறைத்தது. வாயைத் திறந்தால் இந்த வண்டியிலேயே பிடிபடுவேன். நடத்துநர் வந்து எங்கே என்று கேட்டார். டைரியிலிருந்து ஒரு தாளைக் கிழித்து "ஆம்பூர் 1" என்று எழுதி நீட்டினேன். அவர் தாளைப் பார்த்தார், என்னைப் பார்த்தார், முகம் இளகிவிட்டது.

"அந்தம்மாவுக்குப் பேச வராது. கொஞ்சம் தள்ளி எடம் குடுங்க."

இடம் கொடுத்தார்கள், பூ வைத்த அம்மாளுக்குப் பக்கத்திலேயே. அந்த நல்ல உள்ளம் சும்மா இருக்கவில்லை. பேச வராதவளுக்குக் கேட்கவும் வராது என்று முடிவு கட்டி, எனக்குச் செய்தியைச் சொல்ல ஆரம்பித்தது. முதலில் ஜன்னலுக்கு வெளியே ஆம்பூர் திசையைக் காட்டினார். பிறகு கட்டைவிரலை வாயருகே சாய்த்துக் குடிப்பதுபோல் செய்து, அந்தக் கையையே பலமாக ஆட்டினார். கடைசியாக வயிற்றைப் பிடித்துக்கொண்டு கண்ணை மூடித் தலையைத் தொங்கவிட்டார். மூன்றே சைகை. நான் நாற்பத்தொரு நொடியில் சொன்னதை ஐந்து நொடியில் சொல்லி முடித்துவிட்டார். நான் கைகூப்பினேன். பள்ளிகொண்டாவில் ஒருமுறை, வழியில் ஒருவர் ஏறியதும் ஒருமுறை, மாதனூரில் ஒருமுறை, நான் மறந்துவிடக் கூடாது என்று திரும்பத் திரும்பச் செய்து காட்டினார்.

கம்பெனி வாசலில் சுமார் இருநூறு பெண்கள், சாப்பாட்டுப் பையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். மேலாளர் ஓடி வந்து என் பக்கத்தில் நின்றார். நான் வணக்கம் என்றதும் கூட்டம் அடங்கியது. கொரல் அதேதான் என்று யாரோ சொன்னார்கள். பயிற்சி, முதல் பதிவு, இரண்டாம் பதிவு என்று எல்லாவற்றையும் வரிசையாக விளக்கினேன். ஒருவரும் எழுந்திருக்கவில்லை. மிரட்டிப் பேச வைக்கிறார் என்று நினைப்பார்களே என்று நான் மேலாளரைத் தள்ளிப் போகச் சொன்ன பிறகுதான் மல்லிகா எழுந்து முன்னால் வந்தார்.

"சரி மேடம், தண்ணி கெட்டுப்போச்சுனு சொன்னது பொய். நல்லாருக்குனு இப்ப சொல்றீங்களே, அத டெஸ்ட் பண்ணிப் பாத்தீங்களா?"

"இல்ல."

"அதையும் பாக்கல, இதையும் பாக்கல. அப்புறம் எத வெச்சுப் பேசறீங்க?"

தண்ணீரைச் சோதனைக்கு அனுப்புவதாக மேலாளர் ஒப்புக்கொண்டார். முடிவு வர நாளாகும். அதுவரை? நான் தொட்டிக் குழாயைத் திறந்து, எல்லோரும் பார்க்க இரண்டு டம்ளர் குடித்தேன். ரொம்ப வீரமாக இருந்தது. மல்லிகா மற்றவர்களிடம் கலந்து பேசிவிட்டு வந்தார். இன்றைக்குக் கேன் தண்ணீர் வாங்கி வைத்தால் வேலைக்குப் போகிறோம். மேடம் நாளைக்குக் காலையில் வாசலில் வந்து நிற்க வேண்டும். நன்றாக இருந்தால் நாங்களும் அந்தத் தண்ணீரைக் குடிப்போம் என்றார்.

வீட்டுக்கு வந்தேன். மாலை 4.20க்கு முதல்முறை கழிப்பறைக்கு ஓடினேன். பிறகு 5.05, 5.40, 6.30, இரவில் இன்னும் இரண்டு. (நேரத்தைக் குறித்துக்கொண்டேன்; பழக்கம்.) தண்ணீரா, பயமா? என் எம்.ஏ. தேர்வுக்கும் நேர்காணலுக்கும் திருமணத்துக்கும் இதேதான் நடந்தது. ஆனால் அதை இருநூறு பேரிடம் எப்படி நிரூபிப்பது? உப்பும் சர்க்கரையும் அளந்து கரைத்துக் குடித்தேன். என் கணவர் கதவுக்கு வெளியே நின்று, நாளைக்கு நீ போகவில்லை என்றால் அந்தக் கம்பெனியைத் திறக்கவே மாட்டார்கள் என்று ஆறுதல் சொன்னார்.

மறுநாள் ஆட்டோவிலிருந்து இறங்கி வாசல்வரை நாற்பது அடி. இருநூறு ஜோடிக் கண்களும் என் வயிற்றையே பார்த்தன. சிரித்துக்கொண்டே நடந்தேன். அந்தச் சிரிப்பு எப்படி இருந்ததோ, முன்வரிசைப் பெண் ஒருத்தி பார்வையைத் திருப்பிக்கொண்டாள். மல்லிகா வந்து என் கையைப் பிடித்தார். கூட்டத்துக்கு முதுகைக் காட்டி நின்று மெல்லக் கேட்டார்:

"எத்தினி வாட்டி போச்சு?"

"ஆறு."

"தண்ணியா, பயமா?"

"பயம்னுதான் நெனைக்கிறேன்."

அவர் என் முகத்தைச் சற்று நேரம் பார்த்தார். என் வேலை, என் கோப்பு, என் பதினொரு நாள் எல்லாம் அந்தப் பார்வையில் தொங்கின.

"மூஞ்சப் பாத்தாலே தெரியுது, பயந்தான்" என்றார். பிறகு திரும்பி, மேடம் வந்துட்டாங்க, நல்லாருக்காங்க, ஆனா டெஸ்ட் வர்ற வரைக்கும் கேன் தண்ணியே இருக்கட்டும் என்று சத்தமாக அறிவித்தார். ஒரே செய்தியில் மூன்று விஷயம். எல்லோருக்கும் புரிந்தது. பெண்கள் பையை எடுத்துக்கொண்டு உள்ளே போனார்கள். (சோதனை முடிவு பிறகு வந்தது. தண்ணீர் குடிக்கத் தக்கது, தொட்டியைக் கழுவவும் என்று இருந்தது.)

மூன்றாம் நாள் துணைவேந்தர் கூப்பிட்டார். என் எதிரிலேயே அந்த நாற்பத்தொரு நொடியை இரண்டுமுறை போட்டுக் கேட்டார். நான் நாற்காலியின் விளிம்பில் இருந்தேன்.

"எத்தனையோ வருஷமா சர்க்குலர் அனுப்பறேன்" என்றார். "ஒருத்தர்கூடப் படிச்சதில்ல. நீங்க ஒரே நாள்ல ஒரு கம்பெனிய நிறுத்திட்டீங்க."

மாலையில் இரண்டு உத்தரவுகள் வந்தன. ஒன்று, என் பணி உறுதி செய்யப்பட்டது. இன்னொன்று, இனிப் பல்கலைக்கழகத்திலிருந்து வெளியே போகும் எந்த அறிவிப்பும் ஒரு குழுவின் ஒப்புதல் பெற்றே போக வேண்டும். அதன் ஒருங்கிணைப்பாளர் நான். நான் நிர்வாகத்துக்கு வந்தது இப்படித்தான். இன்றைக்கு உணவகத்தில் தயிர் சாதம் இல்லை என்ற அறிவிப்புகூட என் மேசைக்கு வந்துதான் போகிறது.

வீட்டிலும் விடவில்லை. என் கணவரும் மகளும் எதையும் என்னிடம் நேரடியாகச் சொல்வதில்லை. 'கேஸ் தீர்ந்துவிட்டது, ஒப்புதலுக்கு' என்று துண்டுச் சீட்டில் எழுதி நீட்டுவார்கள். வந்த விருந்தாளிகளுக்கு முன்னாலும் நீட்டுவார்கள், அவர்கள் காரணம் கேட்பார்கள், கதை முழுவதும் ஒருமுறை ஓடும். நான் அதைக் காதில் போட்டுக்கொள்வதில்லை. எழுந்து அடுப்படிக்குப் போய், சிலிண்டரைத் தூக்கிப் பார்த்துவிட்டுத்தான் கையெழுத்துப் போடுகிறேன்.