மூடியில்லாத தேன்குடுக்கை

போன கந்த சஷ்டியன்று, தரிசன வரிசையில் எனக்கு முன்னால் நின்ற மரகதவல்லி அக்காதான் இதை முதலில் சொன்னார். வரிசை நகரவில்லை. கதை நகர்ந்தது.

ஒரு காட்டில் சடைச்சி என்று ஒரு கரடி இருந்தாள். சந்தையில் சுரைக்குடுக்கையில் தேன் விற்றுப் பிள்ளைகளை வளர்த்தாள். பக்கத்துக் காட்டுக்காரர்கள் வெறும் வெல்லப்பாகைத் தேன் என்று சொல்லிப் பளபளக்கிற சீசாவில் அடைத்துக் கொண்டுவந்தார்கள். கூட்டமெல்லாம் அங்கே போனது. இந்த மாதமும் விற்காவிட்டால் கடை இடத்தை அவர்களுக்குக் கொடுத்துவிடுவேன் என்றது சந்தைக்கார ஓநாய்.

"உன் தேன் நல்ல தேன்தான் அக்கா. நாலு பேர் வந்தா எடுத்து வைக்கிற மாதிரி இல்லையே," என்றது மான்.

அந்தச் சமயம் சிங்கராஜா ஒரு கொள்கை அறிவித்தார். வடிவம் நன்றாக இருந்தால்தான் வெளிக் காட்டுக்காரர்களோடு போட்டி போட முடியும். ஆகவே சிறு வியாபாரிகளுக்கு அரசாங்கமே வடிவமைப்பாளரை அனுப்பும். சடைச்சிக்கு மயில் வந்தது.

மயில் செய்து கொடுத்த குடுக்கை அவ்வளவு லட்சணம். சடைச்சி அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"மூடி எங்கே சார்?"

"மூடி வெச்சா அழகு கெடும்மா. அடியில ஓட்டை இருக்கு, அது வழியா ஊத்தி அரக்கு வெச்சு அடைச்சிடுங்க."

"வாங்கினவங்க எப்படிச் சாப்பிடுவாங்க?"

"அது கொள்கையோட இரண்டாம் கட்டம்."

சடைச்சி சாமியைக் கும்பிட்டுவிட்டுக் கடையை விரித்தாள். முதலில் மான் வாங்கியது. அரக்கைப் பெயர்க்கக் குளம்பு உதவவில்லை. உடைக்க மனசு வரவில்லை. அப்படியே முயல் வீட்டுக் கல்யாணத்தில் பரிசாகக் கொடுத்துவிட்டது. முயல் அதை முள்ளம்பன்றியின் கிரகப்பிரவேசத்துக்குக் கொண்டுபோனது. அதுமுதல் பரிசு என்றாலே சடைச்சியின் குடுக்கைதான் என்று ஆகிவிட்டது. முகூர்த்த மாதம் வேறு. எல்லாரும் வாங்கினார்கள், யாரும் திறக்கவில்லை, ஒரு குறையும் வரவில்லை.

ஒருநாள் அவசரத்தில் தேன் ஊற்றாமலே சில குடுக்கைகளை அடைத்து விற்றுவிட்டாள். பயந்துபோய் மயிலிடம் ஓடினாள்.

"தப்பு நடந்துபோச்சு சார். காலிக் குடுக்கை போயிடுச்சு."

"யாராவது கேட்டாங்களா?"

"தூக்க லேசா இருக்குன்னு சந்தோஷப்பட்டாங்க."

மயில் தோகையை விரித்தது. "இதுக்குப் பேர்தாம்மா புத்தாக்கம்."

அதற்கப்புறம் எல்லாமே காலிக் குடுக்கைதான். ராஜா அந்த வருஷத்து விருதைச் சடைச்சிக்கே கொடுத்தார். காலிக் குடுக்கையோடு போட்டி போடப் பக்கத்துக் காட்டுக்காரர்களுக்குப் பாகு காய்ச்சுகிற விறகுச் செலவு கட்டுப்படியாகவில்லை. மூட்டை கட்டிக்கொண்டு போய்விட்டார்கள். கடை தப்பியது. ஆனாலும் சடைச்சிக்கு மனசு கேட்கவில்லை. தேன் என்று சொல்லித்தானே விற்கிறோம் என்று, குடுக்கைக்கு ஒரு சொட்டு விடுகிறாள்.

நீதி: நல்ல பொருளுக்குப் போட்டி உண்டு, திறக்க முடியாத பொருளுக்குப் போட்டியே கிடையாது.

சரி, கதை முடிந்ததென்று எழுந்ததுதான் எழுந்தீர்கள், இந்த ஊறுகாய் பாட்டிலைக் கொஞ்சம் திறந்து கொடுத்துவிட்டுப் போங்கள்.