புகார்ப் பிரிவின் நீர்மூழ்கிக் கப்பல்

“அந்த நேரத்துல நீ எங்க இருந்த?”

ஸ்டோர் அக்கா அவளிடம் கேட்ட இந்த ஒற்றைக் கேள்வியில்தான் நவீன நிர்வாகவியல் தன் முழு உயரத்துக்கு எழுந்து நின்றது. அதுவரை உலகம் பணியாளர்களை அவர்கள் செய்யும் வேலையை வைத்து எடைபோட்டுக்கொண்டிருந்தது. என்ன அறியாமை.

அந்தத் தண்ணீர் மோட்டார் கம்பெனியில் வெள்ளிக்கிழமை மூன்று மணி ஆனால் அலுவலகத்தின் எட்டுப் பேரும் கைப்பேசியோடு கூட்ட அறையில் உட்கார வேண்டும். ‘பரஸ்பர நம்பிக்கை வளர்ப்பு அமர்வு’ என்றது சுற்றறிக்கை. விளையாட்டு எளிது. திரையில் ஒரு நீர்மூழ்கிக் கப்பல், எட்டு மாலுமிகள். ஏழு பேர் ஒழுகும் குழாய்களை அடைக்க வேண்டும். எட்டாமவர் துரோகி. அவர் யாரென்று அவருக்கு மட்டுமே தெரியும். மற்றவர்களை ஒவ்வொருவராகத் தீர்த்துக்கட்டுவது அவர் வேலை. பிணம் கிடைத்தால் கூட்டம் கூடும். முப்பது விநாடி வாதம், உடனே வாக்கெடுப்பு. அதிக வாக்கு வாங்கியவரைக் கடலில் தள்ளிவிடுவார்கள். அவர் ஆவியாகிவிடுவார். ஆவிக்குப் பேசும் உரிமை கிடையாது, ஆனால் குழாய் அடைக்கும் கடமை உண்டு. இந்த விதியைப் படித்தபோது மனிதவள மேடத்துக்குக் கண் கலங்கிவிட்டது. “நம்ம கம்பெனிய நேர்ல பாத்துட்டுத்தான் செஞ்சிருக்காங்க” என்றார்.

அந்தக் கேள்விக்கு ஆளானவள் புகார்ப் பிரிவில் இருந்தாள். மோட்டார் ஓடவில்லை, ஓடினால் நிற்கவில்லை என்று வரும் கடிதங்களுக்குப் பதில் எழுத வேண்டும். பத்தாம் வகுப்பைப் பாதியில் விட்டவள். ஐந்து கம்பெனிகள் சான்றிதழ் கேட்டுத் திருப்பி அனுப்பின. இங்கே மட்டும் கையெழுத்து அழகாக இருக்கிறதென்று எடுத்துக்கொண்டார்கள். இந்த நாற்காலி போனால் இன்னொன்று கிடைக்காது என்பது அவளுக்கு நன்றாகத் தெரியும். அதனால் வாயைத் திறக்காமல் வேலை பார்த்தாள். ‘ஊமைக்கோட்டான்’ என்று பெயர் வைத்திருந்தார்கள். அன்பாகத்தான்.

முதல் வெள்ளிக்கிழமை எஞ்சின் அறையில் மனிதவள மேடத்தின் பிணம் கிடந்தது. அப்போதுதான் ஸ்டோர் அக்கா அந்தக் கேள்வியைக் கேட்டார்.

அவள் யோசித்தாள். தான் நின்றது இரண்டாவது குழாயடியிலா, மூன்றாவது குழாயடியிலா? தப்பாகச் சொல்லிவிடக் கூடாதே. பத்து விநாடி போயிற்று.

“பாருங்க, எப்படி முழிக்கிறா” என்றார் விற்பனைப் பிரிவுக்காரர்.

“நான் குழாய் அடைச்சிட்டிருந்தேன்.”

“துரோகின்னா வேற என்னத்தச் சொல்லுவா?” என்றார் ஸ்டோர் அக்கா.

“இல்லக்கா, நெஜமாவே...”

“நெஜமாவேன்னு வேற சொல்றா. அப்ப இவளேதான்.”

“எனக்கு மனசு கேக்கல” என்றார் மேலாளர். “ஆனா கப்பல் முக்கியம்.” பெருமூச்சு விட்டுக்கொண்டே விரலை அழுத்தினார். மொத்தம் ஆறு வாக்கு.

ஆவியானவர்களின் திரையில் துரோகியின் பெயர் சிவப்பாகத் தெரியும். சிவப்பாகத் தெரிந்தது மேலாளரின் பெயர். அவள் பேசாமல் அடுத்த குழாயை அடைக்கப் போனாள்.

பன்னிரண்டு வெள்ளிக்கிழமைகளில் ஒன்பது தடவை அவளைக் கடலில் தள்ளினார்கள். ஒரு தடவைகூட அவள் துரோகி இல்லை. ஆட்டம் முடிந்து அது தெரியவரும்போதெல்லாம் எல்லோரும் விழுந்து விழுந்து சிரிப்பார்கள். அடுத்த வெள்ளிக்கிழமை மறுபடியும் தள்ளுவார்கள். அனுபவத்தால் பண்பட்டவர்கள் வேறெப்படி நடந்துகொள்வார்கள்? மேடம் எல்லாவற்றையும் ஒரு கோப்பில் ஏற்றினார்: தேதி, சந்தேகத்துக்கு உள்ளானவர், விழுந்த வாக்குகள்.

பதின்மூன்றாவது வாரம், அலுவலகத்தில் ஓர் ஆளைக் குறைக்க வேண்டும் என்று முடிவாயிற்று. நாகரிகம் எட்டாத கம்பெனியாக இருந்தால் யார் எவ்வளவு வேலை செய்கிறார்கள் என்று பார்த்திருக்கும். இங்கே முதலாளி கூட்ட அறைக்கு வந்து உட்கார்ந்ததும் மேடம் கோப்பைத் திறந்தார்.

“ஒம்பது தடவை சார். வேற யாருக்கும் ரெண்டைத் தாண்டல. கூட வேலை செய்யறவங்களே இந்தப் பொண்ண நம்பல.”

முதலாளி கண்ணாடியை மாட்டிக்கொண்டு அவளைப் பார்த்தார். “அப்படி என்னம்மா செஞ்ச?”

அவள் மேடத்தின் கையிலிருந்த கோப்பைக் காட்டினாள். “அந்த ஒம்பதுல நான் எத்தன தடவை துரோகின்னு கேளுங்க சார்.”

அந்த அறையில் அவள் பேசிய மிக நீளமான வாக்கியம் அதுதான். மேடம் முன்னும் பின்னும் பக்கங்களைப் புரட்டினார்.

“அதுக்குக் கட்டம் போடல சார்.”

“ஏன்?”

“ஓட்டுப் போட்டு முடிஞ்சுபோச்சே சார். அதுக்கப்புறம் உண்மைய எழுதினா எல்லாருக்கும் சங்கடம்.”

முதலாளி ஸ்டோர் அக்காவின் பக்கம் திரும்பினார். அக்காவின் விடுப்புக் கடிதங்களை மூன்று வருடமாக எழுதிக்கொடுத்தவள் அவள்தான்.

“தங்கமான பொண்ணு சார்” என்றார் அக்கா. “ஆனா எனக்கென்னமோ...”

“எனக்கும் அதேதான் சார்” என்றார் விற்பனைப் பிரிவுக்காரர். “என்னன்னுதான் சொல்லத் தெரியல.”

இன்னதென்று சொல்லத் தெரியாத ஒன்று இரண்டு பேருக்கு ஒரே நேரத்தில் தோன்றினால் அதற்கு ‘ஒருமித்த முடிவு’ என்று பெயர். அவளை நீக்குவதாகக் குறிப்பேட்டில் அப்படியே ஏறியது.

“அது கெடக்கட்டும்” என்றார் முதலாளி. “இந்த வெளையாட்டுல கெட்டிக்காரர் யாரு?”

“ஜெயிச்சவங்களுக்குத் தனிக் கட்டமே இருக்கு சார்” என்று மேடம் முகம் மலர்ந்தார். “நம்ம மேலாளர் சார்தான். ஆறு தடவை துரோகி. ஆறு தடவையும் எங்க எல்லாரையும் முடிச்சுட்டார். யாருக்கும் சந்தேகமே வரல.”

“ஒருத்தருக்குக்கூடவா?”

“செத்தவங்களுக்காக நான்தான் சார் மொதல்ல வருத்தப்படுவேன்” என்றார் மேலாளர் அடக்கமாக.

முதலாளி எழுந்து கைகொடுத்தார். “பத்து வருஷமா இப்படி ஒரு ஆளத்தான் தேடிட்டிருந்தேன். நாளையிலேர்ந்து நாலு கிளையும் உங்க பொறுப்பு.”

அறை அதிரக் கைதட்டினார்கள். மேலாளர் கையால் அதிகத் தடவை செத்தவர் விற்பனைப் பிரிவுக்காரர். அவர்தான் எல்லோரையும்விட உரக்கத் தட்டினார்.

மேடம் ஒரு படிவத்தை எடுத்தார். ‘விடைபெறுபவரின் கருத்து’ என்று தலைப்பு. “ரெண்டு வார்த்தை சொல்லிட்டுப் போம்மா. நல்லபடியா எழுதிடறேன்.”

அவள் ஒவ்வொரு முகமாகப் பார்த்தாள். ஸ்டோர் அக்கா மேசையில் இல்லாத தூசியைத் துடைத்தார். மேடம் தானே ‘மனநிறைவுடன் விடைபெற்றார்; குறை ஏதுமில்லை’ என்று எழுதி, சாட்சிக் கையெழுத்துக்காகப் படிவத்தைச் சுற்றுக்கு விட்டார். ஏழு பேரில் ஒருவர்கூடப் படித்துப் பார்க்கவில்லை. ஒருவர் மேல் ஒருவருக்கு அவ்வளவு நம்பிக்கை வளர்ந்திருந்தது.

ஏழாவது கையெழுத்து ஸ்டோர் அக்காவுடையது. பேனா எழுதவில்லை. அவள் தன் பேனாவை எடுத்து அக்காவின் முன்னால் வைத்தாள். கதவைத் திறந்து வெளியே போனாள்.