ஸ்ட்ரோபெரி மணத்த ஆராதனை

சபைக்குள் புகை மெஷின் கொண்டுபோன முதல் முட்டாள் நானாக இருக்கமாட்டேன். ஆனால் கொழும்பு கொட்டாஞ்சேனையில் அந்தப் பட்டத்துக்கு எனக்குப் போட்டி இல்லை.

அப்போது எங்கள் சிறிய சபையின் பாடல் குழுத் தலைவன் நான். கிழிந்த ஜீன்ஸ், தோளில் கிற்றார். (குரலா? அதை விடுங்கள்.) அப்பாவுக்கு எங்கள் பாட்டுகள் கொஞ்சமும் பிடிக்காது.

"இது ஆராதனையோ, கலியாண வீட்டு டிஜேயோ?" என்பார்.

"தாவீது ராஜாவும் ஆடினவர்தானே அப்பா."

"ஓம், அவர் கலர் லைட் போட்டு ஆடேல்ல."

அந்தக் கிறிஸ்மஸ் ஆராதனைக்குப் பக்கத்து வீட்டு ரெஜினா அன்ரி வருவதாகச் சொல்லியிருந்தார். ஈஸ்டர் ஞாயிறன்று குண்டு வெடித்த கோயிலில்தான் அவருடைய கணவர் இறந்தார். அதற்குப் பிறகு அன்ரி எந்த ஆலய வாசலையும் மிதித்ததில்லை.

"நீங்கள் வீட்டில பழகுற பாட்டுகள் எனக்குக் கேக்கும் மகன். சந்தோஷமா இருக்கு. ஒருக்கா வந்து பாக்கிறன்" என்றார்.

அப்பாவை வெல்ல இதைவிட என்ன சாட்சி வேண்டும்? அன்ரிக்காக எல்லாவற்றையும் பிரமாதமாகச் செய்ய நினைத்தேன். வெள்ளவத்தையில் கலியாணங்களுக்கு ஒலி, ஒளி போடும் நண்பனிடம் புகை மெஷினை இரவல் வாங்கினேன். "மேகம் மாதிரி வரும் மச்சான்" என்றான். மேகத்துக்கு ஸ்ட்ரோபெரி மணமும் உண்டு.

இரண்டாவது பாட்டில் கண்ணை மூடிக்கொண்டு உச்சத்துக்குப் போனேன். பின்னால் மெஷின் பக்கம் 'டப்' என்று ஒரு சத்தம். தொடர்ந்து அலறல். கதிரைகள் விழுந்தன. யாரோ "இயேசுவே!" என்று கதறினார்கள். சபையில் எழுப்புதல் வந்துவிட்டது, எல்லோர் மேலும் ஆவி இறங்கிவிட்டது என்றே நம்பினேன். (சத்தியமாக.) "இன்னும் சத்தமா!" என்று மைக்கில் கூவினேன்.

டிரம்ஸ் நின்ற பிறகுதான் கண்ணைத் திறந்தேன். எங்கும் புகை. கதிரைகள் காலி. தரை முழுக்கச் செருப்புகள். அப்பா மட்டும் இருமிக்கொண்டே, "வயரைக் கழட்டடா, விசரா!" என்று கத்தினார்.

அன்ரி வீதியோரத்தில் ஒரு முச்சக்கர வண்டியைப் பிடித்தபடி வெறுங்காலோடு நின்றார்.

"அன்ரி, அது புகை மெஷின். கலியாணத்துக்குப் போடுறது" என்றேன். அதைவிடக் கேவலமான வசனம் என் வாயிலிருந்து இன்றுவரை வந்ததில்லை.

"நான் ஓடிட்டன் மகன்" என்றார். "அண்டைக்கும் இப்பிடித்தான். அவரை விட்டுட்டு ஓடிட்டன்."

அப்பா அன்ரியின் செருப்பைத் தேடி எடுத்துவந்து, குனிந்து அவர் காலடியில் வைத்தார். அந்த நேரம் அப்பா எதைச் சொல்லியிருந்தாலும் விவாதத்தில் வென்றிருப்பார்.

இன்றும் எங்கள் வீட்டில் மிளகாய் கருகிப் புகை எழும்பினால், "எழுப்புதல் வந்திட்டுது, பாடு!" என்று என்னைப் பார்த்துச் சிரிப்பார்கள். அன்ரி இருந்தால் அந்தக் கதையை யாரும் எடுப்பதில்லை.

அவர் திரும்பச் சபைக்கு வரவேயில்லை. ஞாயிறு பின்னேரங்களில் நான்தான் கிற்றாரோடு அவர் வீட்டுக்குப் போகிறேன். வேகமான புதுப் பாட்டுகளைத்தான் கேட்பார். அப்பாவும் வந்து, "இது உலகப் பாட்டு, ஆராதனையில்ல" என்று முணுமுணுத்தபடியே கை தட்டுவார். அன்ரிக்கு ஒரேயொரு நிபந்தனை: பாட்டு முடியும்வரை வாசல் கதவு திறந்திருக்க வேண்டும்.